எந்த ஊர் காட்வின்?

ஆசாரியின் வலது கையில் மூன்று விரல் ஒடிந்ததற்கு நான்தான் காரணம். ஒடித்தவன் போலீஸ் ஏட்டு. ஆனாலும் காரணம் நான்.

1909இல் நான், எலியேசர், சேரன்மகாதேவிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த வெள்ளைக்கார அம்மாள், சாகுமுன் ஒரு வெள்ளிக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் வருஷப் பழசு. ஒரு பக்கம் கனூட் என்ற இங்கிலாந்து ராஜாவின் தலை. மறுபக்கம் விளிம்பைச் சுற்றிக் காசை அடித்தவன் பேரும், அடித்த ஊரின் பேரும். மகள் கழுத்தில் போடலாமென்று, வளையம் பற்றவைக்கச் சங்கரலிங்க ஆசாரியிடம் கொடுத்தேன்.

அதே வாரம், கால்வாய் வேலை பார்த்துக்கொண்டே பழங்காசு சேர்த்துவந்த ஒரு துரையின் காசு களவு போயிற்று. ஏட்டு பட்டறை பட்டறையாகக் குடைந்தான். ஆசாரியின் பெட்டியில் என் காசு அகப்பட்டது. வாத்தியார் கொடுத்தது என்று அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். என்னை வரச்சொல்லி ஆள் வந்தான். நான் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். துரை விவகாரம், வேலை போய்விடும் என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

மறுநாள் காலையில் ஆசாரியின் மனைவி தங்கத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப வாரீரா, இல்ல அவுக பொணத்துக்கு வாரீரா?"

போனேன். காவல் நிலைய முற்றத்துத் தூணில் ஆசாரியைக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. வலது கை விரல்கள் கண்ட திசையில் வளைந்து தொங்கின.

"ஏலே, ஒன் வாத்தியாரு வந்துட்டாரு. இப்பவும் அதே கததானா?" என்று ஏட்டு அவர் முழங்காலில் கம்பால் ஒன்று போட்டான்.

"காசு என்னுடையதுதான்" என்றேன். ஏட்டின் அறை ஒன்று என் செவிட்டில் விழுந்தது.

"நேத்து எங்கவே போனீரு?"

துரை நாற்காலியில் இருந்தார். மடியில் அவருடைய காசுப் பட்டியல் நோட்டு. அவர் பேச்சில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். களவு போனதும் கனூட் காசு, அடித்தவன் காட்வின். இதிலும் காட்வின். அந்தப் பேரில் ஊருக்கு ஒருவன் காசடித்தானாம். அவருடையவன் லண்டன் காட்வின்.

"இதில் ஊர் எங்கே?" என்றார்.

ஊர், வளையம் பற்றவைத்த வெள்ளிக்கு அடியில் கிடந்தது. அம்மாள் என்னிடம் சொன்ன ஊர் ஸ்டாம்போர்டு. செத்தவள் சாட்சிக்கு வருவாளா?

ஏட்டு வளையத்தைப் பிய்க்கக் குறடு ஒன்றை எடுத்தான்.

"பிச்சா காசுத் தகடு கிழிஞ்சிரும். அவுத்து விடுங்க, நான் எடுக்கேன்" என்றார் ஆசாரி. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

தங்கத்தாய் பட்டறையிலிருந்து நெருப்புச் சட்டியும் ஊதுகுழலும் கொண்டுவந்தாள். ஆசாரி ஊதிப் பார்த்தார். முன்பல் இரண்டும் போய்விட்டதால் காற்று நிற்கவில்லை. அவள் குழலை வாங்கி ஊதினாள். அவர் இடது கையில் குறடு பிடித்தார். கொஞ்சம் சூடு கூடினால் காசே உருகிவிடும். பிறகு அவர் ஜெயிலில் கிடக்க வேண்டியதுதான்.

"பைய ஊதுட்டீ… பைய… போதும்!"

வளையம் நழுவி விழுந்தது. காசைத் தண்ணீரில் போட்டுத் துடைத்து நீட்டினார். துரை பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்டாம்போர்டு. என்னுடையது இல்லை."

அவ்வளவுதான். ஏட்டு வேறு பக்கம் பார்த்தான். துரைக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. அந்தக் காலத்தில் காசில் மோசடி செய்தவன் கையை வெட்டி, பட்டறை வாசலில் மாட்டிவைக்கச் சட்டம் இருந்ததாம். இதை இவர்களுக்கும் தமிழில் சொல் என்றார். சொன்னேன்.

தங்கத்தாய் ஆசாரியின் கையைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"களவாங்காதவன் விரல ஒடிக்கவச்சவன் கைய எங்கன மாட்டுனாங்கன்னு கேளும்."

துரை என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுகிறாள்?"

"உங்களுக்கு நன்றி சொல்லுகிறாள்" என்றேன்.

துரை அவளைப் பார்த்துச் சிரித்துத் தொப்பியைத் தொட்டார். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூடு ஆறாத குறட்டால் என் கன்னத்தில் ஓங்கி அடித்தாள்.

துரை பதறி, ஏன் அடிக்கிறாள் என்று கேட்டார். அந்த அடியையும் நான் மொழிபெயர்க்கவில்லை.