ஆறாவது போல்ட்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கண்ணாடிக்காரர் கெட்டிக்காரர்கூட இல்லை. ஆனாலும் ஒரே புளுகை மூன்று மாதம் ஓட்டிவிட்டார். "பார்ட்ஸ் இன்னும் வரலை" என்பதுதான் அது. பார்ட்ஸ் வந்து, சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தானாகவே கேட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இனி சேர்ந்து இருப்பதில்லை என்று முடிவாகி, பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு பிரித்தாயிற்று. பிள்ளைகுட்டி கிடையாது. கார் அவளுக்கு என்று பேச்சு, ராத்திரி டூட்டி முடிந்து வர பஸ் இல்லாத ஊர் என்பதால். அவள் எடுத்துப் போக இருந்த நேரம் பார்த்து, இஞ்சின் சூடேறாமல் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. "நானே மாத்தித் தரேன்" என்றார் இவர்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவளிடமிருந்து போன் வரும். முன்பெல்லாம் "என்னங்க" என்று தொடங்கிய பேச்சு இப்போது "வண்டி என்னாச்சு?" என்று தொடங்கியது. "பார்ட்ஸ் இன்னும் வரலை" என்பார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "சரி, வெச்சுடறேன்" என்று இவரே வைத்துவிடுவார். வைத்தபிறகு அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பார். வண்டி போய்விட்டால் அவள் கூப்பிடக் காரணமே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால், அந்த ஒழுகும் பம்ப்தான் அவர்களுக்குள் மிச்சமிருந்த உறவு.

போன வெள்ளிக்கிழமை அவள், "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். அதுக்குள்ள முடியலைன்னா இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சொல்லிடறேன்" என்றாள். இனி இழுக்க முடியாது.

ஞாயிறு காலை, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து, துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்தார். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார். அன்றாடம் எறும்புத் தலை அளவுத் திருகுகளோடு மல்லுக்கட்டுகிற கை. ஆனாலும் இந்த வண்டியை அவர் எந்த மெக்கானிக் கையிலும் கொடுத்ததில்லை. பழைய பம்ப்பை வெளியே எடுத்து அதன் தண்டை அசைத்துப் பார்த்தார். விழப்போகும் பல்லைப் போல லொடலொட என்று ஆடியது. இஞ்சினில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அவர் அவசரப்படவும் இல்லை. அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவள் டார்ச் பிடிப்பாள். ஒரு போல்ட்டை அவர் முழுசாக முறுக்கி முடித்ததும், அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சால் அவள் ஒரு பொட்டு வைப்பாள். நர்ஸ் வேலைக்கு நகப்பூச்சு ஆகாது. நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த பாட்டில் வீணாகக் கூடாதே என்று அவள் கண்டுபிடித்த வழி. பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. பிறகு அவள் டிரைவர் சீட்டில் போய் உட்காருவாள். இவர் "அழுத்து" என்பார், "விடு" என்பார்.

கடைசி சில வருஷங்களில் அந்த வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை ஏறக்குறைய அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். இவர்கள் சண்டைகூடப் போடவில்லை. கடையிலிருந்து வந்தால் டீவி, சாப்பாடு, தூக்கம். அவள் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். "சுவத்தோட பேசினாலாவது எதிரொலி வரும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் "ம்" என்றார் மகானுபாவர்.

புதிய பம்ப்பைப் பொருத்தி, ஆறு போல்ட்டுகளில் ஐந்தை எதிரெதிரே மாற்றி மாற்றி முறுக்கினார். கை தன்பாட்டில் டூல்ஸ் பெட்டியிலிருந்த நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்தது. பூச்சு கெட்டியாகி நூலாக இழுத்தது. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். ஆறாவது போல்ட் கீழே, ஹோஸுக்குப் பின்னால், சட்டென்று கண்ணில் படாத மூலையில் இருந்தது. அதை விரலால் சுற்றி உட்காரவைத்தார். ஸ்பேனரை எடுத்த கை அப்படியே நின்றது.

இப்படியே விட்டால் என்ன?

சந்தில் நின்று ஓடும்போது ஒரு சொட்டும் வராது. வேகமெடுத்து, சூடேறி, அழுத்தம் கூடும்போதுதான் கசியும். சூடு காட்டும் முள் ஏறும். அவள் விவரமானவள், உடனே ஓரம் கட்டிவிடுவாள், ஆபத்து ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிடுவாள்? இந்த வண்டிக்கு நாடி பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? இவர் தண்ணீர் கேனும் ஸ்பேனருமாகப் போய் இறங்குவார். வேலை முடிந்து வழியில் ஒரு காபி. இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் அந்தக் காபிக் கடையில் பேசிவிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார். ஆசை வெட்கமறியாது. எதிரில் உட்கார்ந்திருந்தபோது வாய் திறக்காத மனுஷன், நடுவழியில் பேசிக் கிழிக்கப் போகிறாராம்!

ஸ்பேனரைக் கீழே வைத்தார். பொட்டும் வைக்கவில்லை. முறுக்காத போல்ட்டுக்குப் பொட்டு வைக்க அவருக்குக் கை வரவில்லை. பெண்டாட்டியை நடுரோட்டில் நிறுத்தத் துணிந்தவருக்கு, பொட்டு விஷயத்தில் மட்டும் பொய் ஆகாது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

பெல்ட்டை மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரை நிரப்பத் தொடங்கினார். உள்ளே சிக்கிய காற்று வெளியேற, அவ்வப்போது யாராவது ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். கேனைச் சாய்த்துக்கொண்டே "அழுத்து" என்றார், சத்தமாகவே. யாரும் அழுத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தார். சீட் காலியாக இருந்தது. பிறகு ஓடிப்போய்க் கையால் மிதியை அழுத்துவதும், திரும்ப ஓடிவந்து தண்ணீரைப் பார்ப்பதுமாக இருந்தார். நரைத்த தலையோடு ஒரு காரின் முன்னால் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்? முகத்தைத் துடைத்துக்கொண்டார்; கையிலிருந்த கிரீஸ்தான் கன்னத்தில் ஏறியது.

மத்தியானம், தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் நடந்து வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"டாங்க்ல பெட்ரோல் இருக்கு" என்றார்.

"சரி. டார்ச் எங்க?"

"எதுக்கு? எல்லாம் பார்த்தாச்சு."

"நான் பார்க்கலையே."

குனிந்து, ஒளியை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். கீழே போனதும் ஒளி நின்றது. ஹோஸுக்குப் பின்னால் கையை விட்டு, விரலால் தொட்டாள். போல்ட் சுற்றியது.

"மறந்துட்டேன்னு சொல்லிடுங்களேன்" என்றாள், நிமிராமலே.

தப்பிக்க அவளே வழி விடுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் அவளிடம் இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பில்லை.

"மறக்கலை" என்றார்.

"வழியில நின்னிருந்தா?"

"எனக்கு போன் வரும்னு நினைச்சேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவளோ, ஊசி போடுமுன் நோயாளியைப் பார்ப்பதுபோல இரக்கத்தோடு பார்த்தாள்.

"வந்திருக்காது. ரோட்டுல போற யாரையாவது நிறுத்திக் கேட்டிருப்பேன்."

"வாராவாரம் கூப்பிட்டுக்கிட்டுதானே இருந்த?"

"பார்ட்ஸ் வந்துடுச்சுன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் முதல் வாரமே சொல்லிட்டார்" என்றாள். டார்ச்சை அணைத்தாள், திரும்பப் போட்டாள். "அதுக்கப்பறமும் கூப்பிட்டேன்."

அத்தனை வெள்ளிக்கிழமைகளும், அந்தப் பக்கத்தில் சத்தமில்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரமும், ஒவ்வொரு முறையும் "வெச்சுடறேன்" என்ற தன் குரலும் கண்ணாடிக்காரருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் காத்திருந்திருக்கிறாள். இவர் வண்டியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்திருக்கிறார்.

"இப்ப எதாவது..." என்று தொடங்கினார்.

"முறுக்குங்க" என்றாள். குரலில் கடுமை இல்லை. "இருட்டறதுக்குள்ள நான் போய்ச் சேரணும்."

அவள் டார்ச் பிடித்தாள். இவர் முறுக்கினார். இறுக வேண்டிய அளவுக்கு இறுக்கினார், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். "ம்" என்று வந்துவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டதில், பதிலே வரவில்லை. வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் தெருவைத் தாண்டிப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்தில் போன் அடிக்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். தானே கூப்பிடலாம் என்று கடையை மூடிவிட்டு உட்கார்ந்து, அவள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டார். வண்டியைப் பற்றிக் கேட்காமல் எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.