மொழித் தேர்வில் ஒரு பெயர்

ஹெர்மன்ஸ்டாட், 14 மார்ச் 1898

காலையில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கே எனக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

பேரரசுப் படையில் அதிகாரிகளின் மொழி ஜெர்மன், ஆனால் எங்கள் படைப்பிரிவின் சிப்பாய்கள் ருமேனியர்கள். அதிகாரியாக வருபவன் மூன்று வருடத்துக்குள் அவர்கள் மொழியில் தேற வேண்டும். தேறாவிட்டால் பதவி உயர்வு கிடையாது. செக் இனத்தவனான எனக்கு இது மூன்றாவது வருடம். வாரத்தில் நான்கு மாலை ப்ரெகுப் வாத்தியாரின் வகுப்புக்குப் போயும், பயம் போகவில்லை.

மேஜையின் பின்னால் மூன்று பேர்: போன மாதம் ஸாக்ரெபிலிருந்து வந்த, ருமேனியம் தெரியாத மேஜர் வுகோவிச், கேப்டன் ஹார்ட்லீப், வாத்தியார். வழக்கப்படி ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார்கள். நான் அவனிடம் பேசி, அவன் பதிலை ஜெர்மனில் சொல்ல வேண்டும். வந்தவன் பெயர் இலாரியே.

"உடம்பெல்லாம் எப்படியிருக்கு?" என்று கேட்டேன். பாடப்புத்தகக் கேள்வி.

அவன் வலது கையை நீட்டினான். விரல்கள் மடங்கவில்லை. "கேப்டன் ஹார்ட்லீப் என்னை மரத்துல கட்டிப் போட்டாருங்க. ரெண்டு மணி நேரம். அதுலேர்ந்து கை இப்படித்தான். டாக்டர்கிட்ட விடமாட்டேங்கறாங்க."

"என்ன சொல்றான்?" என்றார் மேஜர்.

கேப்டன் முந்திக்கொண்டார். அவருக்கு மொழி தெரியும். "கை குளிர்ல விறைச்சுப் போச்சுங்கறான். " என் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானேடா, ருஷிச்கா? சொல்லிட்டு எழுந்திரு. பாஸ் போட்டுடலாம்."

தலையாட்டியிருந்தால் தேறியிருப்பேன். "கட்டிப் போட்டதுல கை மடங்கலையாம்," என்றேன். "டாக்டரைப் பார்க்க விடலையாம்."

மேஜர் வாத்தியாரைப் பார்த்தார். "சரியா சொன்னாரா?"

"சொன்ன வரைக்கும் சரிங்க," என்றார் வாத்தியார், மேஜையைப் பார்த்தபடி. "ஒரு பெயரை விட்டுட்டாரு."

"ருஷிச்காவுக்கு மொழியே வரலை சார், நான் அப்பவே சொன்னேன்," என்று கேப்டன் சிரித்தார்.

"கேப்டன் ஹார்ட்லீப்னு சொன்னான்," என்றேன்.

கேப்டன் தன் பேனாவை மூடினார்.

"தேர்வு இன்னும் முடியலை," என்றார் மேஜர். "அவனை இப்பவே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. இதுக்காக அவனை யாரும் தண்டிக்க மாட்டாங்கன்னும் சொல்லுங்க."

சொன்னேன். இலாரியே என்னைப் பார்த்தான், பிறகு கேப்டனை. "யாரு சொல்றாங்க இதை?"

அதையும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். மேஜர் தலையைத் திருப்பினார். சாளரத்துக்கு வெளியே பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"நான் சொல்றேன்னு சொல்லுங்க," என்றார்.

அவன் இடது கையால் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தேற வேண்டுமானால் என் தேர்வுத் தாளில் அந்த மூன்று பேரின் கையெழுத்தும் வேண்டும். இதுவரை இரண்டுதான் விழுந்திருக்கிறது.