உள்ளே வைத்துத் தைத்த துணி

மாதங்கிக்கு அந்த நாற்றம் எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் பிடிபடவில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அவளுடைய தையல் கடைக்கு ஒரு பக்கம் மீன் கடை, மறுபக்கம் கோழி பொரிக்கிற கடை. நாற்றம் வந்தால் இரண்டில் ஒன்றைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது பன்னிரண்டு வருஷப் பழக்கம். அன்றைக்குக் கதவைச் சாத்தினாள். நாற்றம் கூடியது.

உடுப்புப் போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் ஃபோலாஷாடே நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நைஜீரியப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். சனிக்கிழமை அவளுடைய ஒரே தங்கைக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே துணியில் உடுத்துக்கொண்டு வரவேண்டும். அந்தத் துணி இல்லாமல் போய் நின்றால் யாரோ என்று பார்ப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குக் கருநீல லேஸ். அதில் ஏழு உடுப்புத் தைக்கிற வேலை மாதங்கியிடம் வந்திருந்தது.

கொண்டு வந்தவள் ரொங்கே. வெறும் ரொங்கே என்று கூப்பிட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள், மேடம் ரொங்கே என்று சொல்லவேண்டும். பெண்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சிப் பின்பக்கத்தில் ஏற்றிக் கூட்டிவருவது அவளுடைய தொழில். டிக்கெட், ஆபரேஷன், உடுப்பு எல்லாம் ஒரே பேக்கேஜ். ஊரிலே உலகத்திலே உடம்பை அளந்துவிட்டுத்தான் துணியை வெட்டுவார்கள். இவள் ஆட்களை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே அளவுச் சீட்டுகளைக் கொண்டுவந்து போட்டாள். ஏழு சீட்டிலும் இடுப்பு இருபத்தாறு, பின்பக்கம் நாற்பத்தாறு. இறைச்சிக் கடையில்கூட ஒரு தொடைக்கும் இன்னொரு தொடைக்கும் வித்தியாசம் இருக்கும்.

"உள்ளுக்கு ரெண்டு இஞ்சி துணி விட்டுத் தைக்கிறன், மேடம்" என்றாள் மாதங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். சட்டை தைக்கிற நம் ஆட்கள் யாரும் அந்த இரண்டு இஞ்சியை விடாமல் தைக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் இளைத்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுப் போன எத்தனை பேருக்கு அவள் பிரித்துக் கொடுத்திருக்கிறாள்!

"தேவையில்லை. தடிப்பாத் தெரியும். இந்த உடம்பு இனி மாறாது."

போன வாரம் முதல் மூன்று பேர் திரும்பி வந்தபோது, பின்பக்கத்தில் தடித்த பருத்தித் துணி ஒன்று வைத்துத் தைக்கச் சொன்னாள் ரொங்கே. வியர்வையாம். வியர்வை அங்கே மட்டுமா வரும் என்று மாதங்கி ஒரு கணம் நினைத்தாள். பிறகு தைத்துக் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் திரும்பி வந்த ஃபோலாஷாடேயின் உடுப்பிலும் அதே துணியை வைத்தாள்.

இப்போது அந்த உடுப்பு ஃபோலாஷாடேயின் உடம்பில் இறுகிக்கிடந்தது. ஒரு பக்கம் வீங்கிப் புடைத்து, ஜிப் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாதங்கி தொட்டுப் பார்த்தாள். லேஸுக்கு மேலாலேயே சுட்டது, ஈரமாக. அந்தக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"சனிக்கிழமை முடியட்டும்." ஃபோலாஷாடேக்குப் பல் கிட்டியது. "நான் இதை ஒரு ஆம்பிளைக்காகச் செய்யேல்லை, தெரியுமா? பகல் முழுக்க மற்றவையின்ர உடம்பைக் கழுவுறன். என்ர உடம்பில எனக்குப் பிடிச்சமாதிரி ஒண்டு செய்ய ஆசைப்பட்டன். அவ்வளவுதான்."

ஃபோலாஷாடே ரொங்கேக்குப் போன் அடித்து, இரண்டு பேருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா உன்னைப் படுக்க வைச்சிடுவாங்கள், கல்யாணம் போயிடும்" என்றாள் ரொங்கே. "நான் தந்த மாத்திரையைப் போடு. தையல்காரி இருக்கிறாவா? இன்னொரு அடுக்குத் துணி வையுங்கோ. வெளியில தெரியாது. அதுக்குத்தானே கருநீலம் எடுக்கச் சொன்னனான்."

சீ! மாதங்கி அதை வாய்விட்டே சொன்னாள். தங்கை ஆசைப்பட்ட நிறம் என்று அல்லவா அவள் நினைத்திருந்தாள்! சீழ் தெரியாத நிறமாகப் பார்த்து ஏழு பேருக்கும் முன்கூட்டியே எடுத்திருக்கிறாள் இந்தப் பிசாசு.

கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற புருஷன் வாமதேவன் தமிழில் முணுமுணுத்தான். "உனக்கேன் உந்த வில்லங்கம்? தைச்சமா, குடுத்தமா எண்டு இரு."

"வாயைப் பொத்திக்கொண்டு அம்புலன்ஸுக்கு அடியுங்கோ."

அவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு இஞ்சி விட்டிருந்தால் தையலைப் பிரித்தே கழற்றியிருக்கலாம். ஃபோலாஷாடே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ. தங்கச்சியை வளர்த்தது நான். நான் அந்தத் துணியில்லாமல் எப்பிடி நிக்கிறது?"

"நீங்கள் நிக்கவேணும். அதுதான் வெட்டுறன்."

மேலிருந்து கீழே ஒரே வெட்டு. பருத்தித் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மஞ்சளும் பச்சையுமாக ஊறிப்போய், அவள் தைத்த தையல்கூடத் தெரியவில்லை. மாதங்கி கழுவுதொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ரொங்கேயை நினைத்து எடுத்தாள், பிறகு தன்னை நினைத்தும் எடுத்தாள்.

அம்புலன்ஸ்காரர்கள் ஃபோலாஷாடேயைக் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நல்ல வேளை இன்றைக்கே கூப்பிட்டீர்கள் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். மாதங்கிக்கு அதைக் கேட்டும் மனம் ஆறவில்லை. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ரொங்கே கொடுத்த சீட்டுகளைத் தேடி எடுத்தாள். உடுப்பை வாங்கிக்கொண்டு போன மூன்று பேரின் நம்பரும் அவற்றில் இருந்தன. முதலாவது யெட்டுண்டே, வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டுகிறவள்.

"யெட்டுண்டே, நான் தையல் கடை மாதங்கி. உங்கட உடுப்பில நான் உள்ளுக்கு வைச்சுத் தைச்ச துணி..."

அவள் முடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யெட்டுண்டே களைத்த குரலில் சந்தோஷப்பட்டாள்.

"நானே உங்களுக்கு அடிக்க நினைச்சனான். அந்தத் துணி நல்லா உறிஞ்சுது. வேலைக்குப் போடுற காற்சட்டையிலயும் ஒண்டு வைச்சுத் தைச்சுத் தர ஏலுமா?"