வீடு மாறிய கால்கள்

ரோமம் வெட்டி முடித்து விக்குன்யாக்களைத் திறந்துவிட்ட அன்று சாயங்காலம், இலாரியா தன் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டு அப்போலினாரியோவிடம் போய்விட்டாள். மனசு போகவில்லை, கால்தான் போயிற்று. சுல்லூமா என்ற அந்த மலையூரில் அன்றைக்குப் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

வருஷா வருஷம் ஊரே வரிசையாக நின்று, வண்ணத்துணி கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவை வளைக்கும். காட்டில் திரியும், ஒட்டகச் சாதியைச் சேர்ந்த சின்ன மிருகங்களான விக்குன்யாக்களை அப்படியே வலைப்பட்டிக்குள் ஓட்டும். ஒரு கடா, அதன் பெட்டைகள், குட்டிகள் என்று அவை குடும்பமாகத்தான் வரும். குடும்பமாகவே திருப்பி விடுவதுதான் வழக்கம். அந்த வருஷம் மேற்கே ஆலங்கட்டி மேகம் கறுத்தது. "வெட்ட வெட்ட வெளியே தள்ளுங்கப்பா! கம்பளி நனைஞ்சா வருஷம் முழுக்கக் காத்தைத்தான் திங்கணும்" என்று ஊர்த்தலைவர் ருஃபினோ கத்தினார். எது எந்தக் குடும்பம் என்று பார்க்காமல் தள்ளிவிட்டார்கள். கடாக்கள் மேட்டில் நின்று கனைத்துக் கனைத்துத் தேடின. பெட்டைகளோ கிட்டத்தில் நின்ற கடாவின் பின்னால் ஓடின. இலாரியா பிடித்திருந்த பெட்டையும் தன் கிழிந்த காதுக் குட்டியை விட்டுவிட்டு வேறொரு கூட்டத்தோடு போய்விட்டது. குட்டி எந்தக் கூட்டத்தை அண்டினாலும் கடா கடித்து விரட்டியது.

புருஷன் மெலித்தோன் இலாரியாவை முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். இறக்கிவிட்டதும் அவள் கால் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தான். விடிந்தபோது கட்டில் அப்போலினாரியோவின் முற்றத்தில் கிடந்தது. கல்யாணமாகாத அப்போலினாரியோ தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு லாமாத் தொழுவத்துக்குப் போனான். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, கதவை அடைச்சுத்தான் வச்சிருந்தேன்" என்று மெலித்தோனிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"உன்னைச் சொல்லலடா. கட்டிலையாவது திருப்பிக் குடு" என்றான் மெலித்தோன்.

ஊர் சிரித்தது. இலாரியாவின் ஆறு வயசு மகள் நியெவெஸுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் கால் எந்த வாசலிலும் நிற்கவில்லை. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நடந்துகொண்டே தின்றாள். கால் ஓய்ந்தால் வெறும் பட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். ஓடிப் பிடிக்கப் பார்த்தால் இலாரியாவின் கால் அப்போலினாரியோவின் மதில் மூலையைத் தாண்டாது. சுட்ட உருளைக்கிழங்கோடு அங்கேயே நிற்பாள். மகள் கடந்துபோகும்போது கையில் திணிப்பாள், தலையைத் தொடுவாள், அவ்வளவுதான். அடுத்த மூலையில் மெலித்தோன் கம்பளித் துண்டோடு நிற்பான். பனிக்காலம் இப்படியே கழிந்தது. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார்; தரை ஈரமானது.

மறுவருஷ வளைப்புக்கு மட்டும் எல்லார் காலும் சொன்ன பேச்சைக் கேட்டது. இலாரியாவும் கயிற்றைப் பிடித்தாள். பட்டிக்குள் அதே பெட்டை புதுக் கடாவோடு வந்தது. பக்கத்தில், அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் கிழிந்த காது. எப்போது, எப்படித் தாயிடம் சேர்ந்ததென்று யாருக்கும் தெரியவில்லை.

"கலைச்சு விடுவோம். இதுங்க குடும்பம் கலைஞ்சதுலதான் நம்ம காலும் வீடு மாறிச்சு. மறுபடி கலைஞ்சாத்தானே அவங்கவங்க பழைய வீட்டுக்குப் போக முடியும்?" என்றார் ருஃபினோ. நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

இலாரியா பட்டி வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "கலைச்சா நான் வீடு வந்தாலும் வருவேன். குட்டி மறுபடி தனியா ஓடினா என் மகளும் ஓடுவாளே? சேர்த்தே விடுங்க."

"சேர்த்து விட்டா நீ அங்கேயேதான் கிடக்கணும், தெரியுதா?"

"தெரியும்."

அவள் மெலித்தோனைப் பார்க்கவில்லை. அவன்தான் வாசல் கயிற்றைப் பிடித்திருந்தான். வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றான். "எந்திரி இலாரியா, மிதிச்சிடப் போகுது" என்று சொல்லி, அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்தான். கடா முன்னால் போக, பெட்டையும் குட்டியும் பிரியாமல் பின்னால் ஏறிப் போயின.

அன்று சாயங்காலம் நியெவெஸ் அப்போலினாரியோவின் வாசலில் வந்து நின்றாள். கால் நின்றுவிட்டது. அம்மாவின் மடியில் விழுந்து மறுநாள் மதியம்வரை தூங்கினாள். மெலித்தோனின் கால் அவனைத் தனியாக வீட்டுக்குக் கூட்டிப் போயிற்று.

அறுவடை ஆனதும் அவன் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைச் சுமந்து வந்து அந்த வாசலில் இறக்கினான். படிக்கு மேல் அவன் கால் ஏறவில்லை. அப்போலினாரியோ உள்ளேயிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து படிக்கு வெளியே போட்டான். மெலித்தோன் அதில் உட்கார்ந்து, மகள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தான்.