பிரம்புப் பாடு

பெருமாள் வாத்தியார் ஐப்பசிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலம் அது. எழுத்தும் கணக்கும் தெரிந்த பையனுக்குக் கோட்டைக் கிடங்கில் வேலை கிடைக்கும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் இருந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு, வாத்தியாரின் மனைவி கஸ்தூரியிடம் வந்தார். அவளுக்கும் எழுத்துத் தெரியும் என்பதால் தை வரைக்கும் அவளே பள்ளியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒழுங்காக நடந்தால் பிறகும் அவளே இருக்கலாம். இல்லையென்றால் பொன்னேரியிலிருந்து ஓர் ஆள் வருவார்.

கஸ்தூரிக்கு வேறு போக்கிடம் இல்லை. பிறந்த வீட்டில் அவளை ஏற்க யாரும் மீதியில்லை. பள்ளி நிலைத்தால் ஊர் கொடுக்கும் நெல்லில் காலம் தள்ளலாம். வீட்டை ஒட்டியிருந்த கரையோரத்து வலைக் கொட்டகையில் கணவர் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கணவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று இருந்தது. காலையில் முதலில் வருகிற பிள்ளைக்கு அடி இல்லை. அடுத்து வருகிறவனுக்கு ஒன்று, அதற்கடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். அடிப்பது வாத்தியார் அல்ல, சட்டாம்பிள்ளை. நாட்டார் மகன் லோகநாதன்தான் சட்டாம்பிள்ளை. வேறு யாரும் அந்தப் பிரம்பைத் தொட்டதில்லை. கடைசியில் வருகிறவன் பெரும்பாலும் ரங்கன். அவன் அப்பா முனியனுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. நீர் வற்றும் நேரம் பார்த்துக் குடும்பமே ஏரிச் சேற்றில் குனிந்து, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும். நீர் காலையில் வற்றும் நாளெல்லாம் ரங்கன் கடைசி. சிப்பி கீறிய உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

கணவர் இருந்தவரை கஸ்தூரி இதை அடுப்படியிலிருந்து காதால்தான் கேட்டிருந்தாள். இப்போது கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர். அதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஒரு நல்ல மனிதர் இதைத் தினமும் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் விளங்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

பிரம்பை எடுத்து எறிந்துவிட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அடி இல்லாத இடத்தைப் பள்ளி என்று ஊர் ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஊரிலேயே இன்னொரு வழக்கம் இருந்தது. ஏரியில் நல்ல மீன் படும் இடங்களுக்கு எல்லாரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க, வலைக்காரர்கள் ஓலை நறுக்குகளைப் பானையில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பிரம்புக்கும் பாடு எடுத்தால் என்ன என்று அவள் கேட்டதும் பிள்ளைகள் துள்ளினார்கள். ஆளுக்கு ஒரு வாரம். இனி இந்தக் கொட்டகையில் எது என்றாலும் எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு செய்வது என்றும் அவள் சொன்னாள். லோகநாதனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் ரங்கனின் பெயர் எழுதிய ஓலையைப் பானையில் போட அவள் எடுத்தபோது சட்டென்று எழுந்தான்.

"தடவிப் புடிக்கிறவங்களுக்கு ஏது பாடு? வலை இருந்தாத்தான் பாடு."

அது உண்மைதான். ஊர்ப் பாடு முறையில் முனியன் வகையறாவுக்குப் பங்கு கிடையாது. வழக்கத்தைக் கடன் வாங்கியவள், அது யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டாள். ரங்கனுக்குப் பாடு வேண்டாம் என்று பிள்ளைகள் கை தூக்கினார்கள். ரங்கனைத் தவிர எல்லாருடைய கையும் மேலே இருந்தது. கை தூக்கி முடிவு செய்யச் சொன்னவளே அதைத் தள்ளினால், பிறகு அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஓலையைக் கீழே வைத்தாள். பிரம்பு குப்பன் என்ற பையனுக்கு விழுந்தது.

மறுநாள் ரங்கன் கடைசியில் வந்து வழக்கம்போல் கையை நீட்டினான். குப்பன் பிரம்பை ஓங்கினான். கஸ்தூரி தடுத்தாள். பாடு முறையில் பங்கு இல்லாதவனிடம், முறை தவறினான் என்று ஊர் தண்டம் வாங்குகிறதா என்று கேட்டாள். வாங்குவதில்லை, எல்லாப் பிள்ளைக்கும் அது தெரியும். முறை இல்லாதவனுக்கு அடியும் இல்லை என்று சொல்லிவிட்டு, ரங்கனை உட்காரச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க ரங்கன் நிதானமாக நடந்து வந்து உட்கார்ந்தான். மற்றவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முனியனுக்கே பயம் வந்துவிட்டது. ஒரு நாள் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டு, மகனுக்கும் ரெண்டு அடி போடச் சொன்னான்.

"நீ நல்லதுக்குத்தான் பண்றம்மா. ஆனா இவங்க நைனாவுங்க மூஞ்சியத்தான் நான் தெனம் ஏரியில பாக்கணும்."

அவன் பயந்தபடியே ஆயிற்று. அடுத்த நாளே நாட்டார் வந்தார். பிள்ளைகள் மணலில் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"இன்னாம்மா இது, ஊர்ல இல்லாத ஞாயம்?"

"ஊர் ஞாயந்தாங்க. பங்கு இல்லாதவனுக்குத் தண்டம் இல்லன்னு நீங்கதானே வெச்சிருக்கீங்க."

அந்தப் பையனையும் அடிக்க வேண்டியதுதானே என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடி உண்டென்றால் முறையும் உண்டு என்றாகும். பள்ளிப் பிரம்பில் முறை உண்டென்று நாட்டார் வாயாலேயே வந்துவிட்டால், நாளைக்கு முனியன் ஏரியிலும் முறை கேட்பான். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது கஸ்தூரிக்கும் தெரிந்தது.

"பிரம்ப என் புள்ளகிட்ட குடு. பழையபடி நடக்கட்டும். நீயும் இங்கயே இருந்துக்கோ."

கஸ்தூரி ஆசைப்பட்டது இவ்வளவுதானே, இங்கேயே இருக்க வேண்டும் என்பது.

"நான் குடுத்ததில்லீங்க அது, நான் திருப்பி வாங்க. அவங்களா எடுத்த பாடு. அவங்களையே கேளுங்க."

நாட்டார் குப்பனிடம் கையை நீட்டினார். குப்பனின் அப்பா நாட்டார் படகில் வேலைக்குப் போகிறவர். பையன் பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"என் வாரம் இன்னும் முடியல மாமா. வெள்ளிக்கெழம வரைக்கும் என்னுது."

நாட்டார் தம் மகனைப் பார்த்தார். லோகநாதன் மணலைப் பார்த்துக்கொண்டு, தன் ஓலையும் பானையில் இருக்கிறது, முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தான். நாட்டார் கோபப்படவில்லை. தை பிறந்ததும் பொன்னேரிக்காரர் வந்துவிடுவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பானையைக் குலுக்கும் நேரத்தில் லோகநாதன்தான் பேச்செடுத்தான். ரங்கன் ஓலையையும் போட வேண்டும், அவனும் அடி வாங்க வேண்டும். நியாயம் தோன்றி அவன் அதைச் சொல்லியிருந்தால் கஸ்தூரிக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். பொறாமையில் சொன்னான். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, ரங்கனுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

ரங்கன் யோசித்தான். "என் வாரத்துல இவனையும் அடிக்கலாமா?"

"பிந்தி வந்தா அடிக்கலாம்."

"அப்ப போடுங்க."

கைகள் மேலே போயின. இந்தத் தடவை ரங்கனின் கையும் இருந்தது. பிரம்பு வேறொரு பையனுக்கு விழுந்தது. மறுநாள் ரங்கன் கடைசியில் வந்து அடி வாங்கினான். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணியதால் ஒன்றுகூட அதிகம் விழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், பானையில் இன்னும் யார் யார் ஓலை மீதி என்று பக்கத்திலிருந்தவனை விசாரித்தான்.

கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்கனின் வாரம் தைக்குள் வருமோ வராதோ. எதுவானாலும் தை பிறந்தால் அவள் இங்கே இருக்கப் போவதில்லை. மத்தியானம் பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொன்னாள். பொன்னேரிக்காரர் வந்தாலும் பாடு நிற்காமல் இருக்க, பானை யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும் என்றாள்.

உடனே சண்டை தொடங்கியது. நாட்டார் வீடு மட்டும் கூடாது என்று முதலில் சொன்னவன் லோகநாதன்.

"எங்க நைனா ஒடச்சிடுவாரு," என்றான்.