தவிட்டு நிறச் சுவர்

அறுபத்திரண்டாம் வருசம் தை மாதம், திண்டுக்கல் ஓரத்தில் எங்கள் வீடு எழுந்தது. ரெண்டு அறை, ஓட்டுக்கூரை. நானும் என் வீட்டுக்காரர் சங்கிலியும் மண் சுமந்து கட்டியது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். அதற்காக உள்சுவருக்கு நீலம் கலந்து வெள்ளையடித்தார். பளீரென்று இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மாமா" என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோசம் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குக் காளவாசலில் வேலை. அவரைக் கட்டுவதற்கு முந்தியே ஒருநாள், சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துக் கண்ணில் தெறித்தது. பார்வை போகாமல் தப்பியது; வெளிச்சம்தான் ஆகாமல் போனது. வெயிலில் முக்காடு போட்டுத்தான் நடப்பேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் அதுவரை நாங்கள் இருந்தது சன்னல் இல்லாத, புகை ஏறிய குடிசை. வெள்ளைச் சுவர் வெயிலைவிட மோசமாகக் குத்தும் என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது.

மறுநாள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள என்ன முக்காடு? வீடு பிடிக்கலையா?" என்றார்.

"கண்ணத் தொறக்க முடியல மாமா."

"நீ கண்ண மூடிக்கிட்டு இருக்கவா மண்ணு சொமந்தோம்?" என்று எழுந்தார்.

சன்னலை ஒட்டிக் கையகலத்துக்கு ஒவ்வொரு நிறமாகப் பூசினார். ஈரத்தில் சுண்ணாம்பு ஏமாற்றும். காய்ந்தால்தான் உண்மை நிறம். காய்ந்த பிறகு உச்சி வெயிலில் என்னை எதிரே உட்கார வைப்பார். மஞ்சக்காவி எரிந்தது. கரித்தூள் கலந்தது குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அவருடைய அக்கா சண்முகவள்ளி வந்து பார்த்துவிட்டாள்.

"ஏலே, சாம்பக் கலரா? பாலு காய்ச்சப் போறியா, கருமாதி வைக்கப் போறியா?"

அவரை வளர்த்தவள் அவள். அவள் பேச்சை அவர் தட்டியதே இல்லை. கரித்தூளை வெளியே கொட்டினார்.

அவருக்குத் தோல்ஷாப்பில் வேலை. அங்கே தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சாயங்காலம் அதில் ஒரு குடம் கொண்டுவந்து சுண்ணாம்பில் கலந்தார். காய்ந்ததும் தவிட்டு நிறம். வெயில் அதில் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. என் மேல் பாயவில்லை.

"இதுதான் மாமா" என்றேன்.

ரெண்டு அறைக்கும் அதையே அடித்தார்.

வெள்ளிக்கிழமை சனம் வந்தது. வாசற்படி தாண்டிய சண்முகவள்ளி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஏத்தா ராமுத்தாயி, ஆட்டை உரிச்சு அடுப்பங்கரையில தொங்கவிட்டிருக்கியா?"

"வெள்ளாடா, செம்மறியா?" என்றார் அவள் புருசன் மலைச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் எடுத்துவந்தது தோல் ஊறிக் கழித்த தண்ணீர். பொழுதுக்கும் தோல் ஊறுகிற குழியில் நிற்கிறவருக்கு வாடை எப்படித் தெரியும்? அவரோடு குடும்பம் நடத்துகிற எனக்கும் தெரியவில்லை.

"சுண்ணாம்பு மிச்சம் இருக்குல்ல? செத்த நேரத்துல வெள்ளையடிச்சுப்புடலாம்" என்றாள் சண்முகவள்ளி. மலைச்சாமி சுண்ணாம்பு மட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

அத்தனை பேர் முன்னால் என் கண் கதையைச் சொல்லக் கூச்சம். என் வீட்டுக்காரர் எப்போதும்போல அக்கா பேச்சுக்குத் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம்க்கா" என்றார். மலைச்சாமி கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டார். "வாடை தன்னால போயிரும். வெள்ளையடிச்சா இவ கண்ணு போயிரும். அதை எந்தச் சந்தையில வாங்குறது?"

சண்முகவள்ளி என் முக்காட்டை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள்.

"இம்புட்டுச் செவப்பா? ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்று அதட்டினாள். பிறகு புருசனிடம் திரும்பி, "நின்னுக்கிட்டே இருக்கீக? சன்னலைத் தொறங்க. பந்தியை வெளிய போடுங்க" என்றாள்.

பால் பொங்கியது. வேப்ப மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

நல்ல உச்சி. கதவும் சன்னலும் திறந்தே கிடந்தன. முக்காட்டை எடுத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வெளியே வெயிலில் கண்ணைச் சுருக்கியும், குடிசைக்குள் இருட்டிலுமாகத்தான் அதுவரை அவரைப் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்கக் கொடுத்துவைத்தது அன்றைக்குத்தான். தாடையில் ஒரு தழும்பு இருந்தது.

"இது எப்ப வந்துச்சு மாமா?"

"கலியாணத்துக்கு முந்தியே இருக்குடி" என்றார்.