குச்சி நட்ட குழிகள்

டெல்லியிலிருந்து வரும் பேராசிரியர் இடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பர்சானாவின் ஆராய்ச்சிக்கு மூன்றாம் ஆண்டு அரசு உதவித்தொகை கிடைக்கும். அவர் பார்ப்பதற்காகவே, அரியலூர்ப் பக்கத்து முந்திரிக்காட்டில் நத்தை போல் சுருண்ட பதினொரு புதைபடிவங்களை அவள் எடுக்காமல் விட்டிருந்தாள். எது எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் ஆராய்ச்சியே.

அவரை அழைத்துக்கொண்டு அவள் காட்டுக்குள் நுழைந்தாள். காட்டுக்காரி சின்னம்மாள் பதினொன்றையும் பெயர்த்துக் கழுவி, சாக்கின்மேல் பளபளவென்று வரிசையாக வைத்திருந்தாள்.

"பெரிய ஆபீசர் வர்றப்போ அழுக்காவா காட்டுறது?"

"போச்சு அத்தை! எது எங்க கெடந்துச்சுன்னு இனிமே எப்படிச் சொல்லுவேன்?"

"ஏன் புள்ள முழிக்கிற? முந்திரிக் கன்னு வைக்கிற எடத்துல குச்சி நடுவோம்ல, அப்படித்தான் கல்லு எடுத்த குழியிலெல்லாம் நட்டுருக்கேன். சாக்குலயும் அதே வரிசைதான்."

பேராசிரியர் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தார். பதினொன்றும் கச்சிதமாகப் பொருந்தின. பிறகு சிரித்துக்கொண்டே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"இவங்களையும் உங்க ஆராய்ச்சியில சேத்துக்குங்கம்மா."

"சம்பளம் மாசாமாசம் வந்துருமா சார்?" என்றாள் சின்னம்மாள்.

பர்சானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கே எட்டு மாசமா வரல அத்தை. நீங்க முந்திரியையே பாருங்க."